மரச்சட்டம் போட்ட மொறிஸ்: பழைய ஸ்ரேசன் வாகன் ஒன்றுக்கு விலை சொல்லப்போன கதை

2023 ஆவணியில் எங்கள் குழுவில் ஒருவரின் பெரியம்மா தன்னுடைய வளவுக்குள் நிற்கிற பழைய கார் ஒன்றைப் பார்த்து விலை சொல்லும்படி கேட்டிருந்தா. வலிகாமத்தில் கடலுக்குக் கிட்டவான வீடு. வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரப் பத்திக்குள் கார் நின்றது. பெரியப்பா இறந்து மூன்று வருடம். அதற்குப் பிறகு அதை யாரும் ஸ்ராட் பண்ணவில்லை. கொழும்பிலிருந்து வந்த தரகர் ஒருவர் நாலு இலட்சம் சொல்லி, ஒரு கிழமை தவணையும் குடுத்துவிட்டுப் போயிருந்தார். மாரிக்கு முதல் வீட்டுக் கூரை மாற்றவேண்டும். அதற்குக் காசு வேண்டும். "நீங்கள் பழசுகளைப் பற்றி எழுதுற பிள்ளையள்தானே, இதுவும் பழசுதான். நாலு காணுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" எண்டு கேட்டா.

நாங்கள் போனோம். விலை சொன்னோம். பிழையாகச் சொன்னோம்.

பழைய வாகனம் ஒன்றின் விலை இந்த நாட்டின் இறக்குமதிச் சட்டங்களுக்குள்ளும் பொருளாதாரத் தடைக்குள்ளும் கிடக்கிறது என்பது எங்களுக்கு முதலே தெரியும். தகட்டைக் குத்திப் பார்க்காமல் அந்த வரலாற்றைக் கதைக்க வெளிக்கிடக்கூடாது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதிவைப்போம் என்று நினைக்கிறோம்.

பத்திக்குள் நின்றது மொறிஸ் மைனர் ட்ரவலர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதலாவது கார் அதுதான். 1953 இல் அதனுடைய ஸ்ரேசன் வாகன் வடிவமாக ட்ரவலர் வந்தது. முன்பாதி எல்லா மைனரையும் போல இரும்புத் தகடு. கதவைத் தாண்டினால் பின்பாதி முழுக்க ஆஷ் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடு, பின்னுக்கு அலுமாரி மாதிரி இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. 1971 வரைக்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிறகு வந்த அமெரிக்க வாகன்களில் மரம் மாதிரித் தெரிகிற தாளை இரும்பின் மேல் ஒட்டினார்கள். ட்ரவலரில் அப்படி இல்லை. கூரையின் பின்பாதியையும் கண்ணாடிகளையும் தாங்கி நிற்பது இந்த மரம்தான். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே ஆஷ். அடி விழுந்தாலும் முறியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற சாதி. அதனால் மரம் உக்கினால் வடிவு போகிறது மட்டுமில்லை, வாகனத்தின் எலும்பே போகிறது. இங்கிலாந்தில் ட்ரவலருக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமாக இருந்த காலத்தில் மரம் உக்கியிருந்தால் தெருவில் ஓட விடவில்லை.

பெரியம்மாவின் வாகனத்தில் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தது. 1956 பிற்பகுதியில் ஒரே துண்டு வளைந்த கண்ணாடி வந்துவிட்டது. ஆகவே இது அதற்கு முந்தியது. 803 சிசி எஞ்சின் போட்ட காலத்தது. இலக்கத் தகடும் அதையே சொல்லிற்று. 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இரண்டிரண்டாக எடுத்து வாகனங்களுக்கு இலக்கம் குடுத்த காலம் ஒன்று இருந்தது: சி.எல், சி.என், ஈ.எல், ஈ.என், ஈ.வை என்று. இது ஈ.வை.

இந்த எழுத்துகளை வாகனப் பிரியர்கள் வயதறிய மட்டும் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது காணாது. 1957 இல் இந்த எழுத்துகளை எடுத்துவிட்டுச் சிங்கள 'ஸ்ரீ' யைப் போட்டார்கள். தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பைத் தொடங்கியது. 1958 தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி, ஸ்ரீ இலக்கத்தோடு பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார்ப்பூச்சு நடந்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். ஒரு காரின் பின்பக்கத்தில் இருக்கிற இரண்டு எழுத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. ஈ.வை இலக்கத்தோடு ஒரு வாகனம் நின்றால் அது தார் பூசவேண்டிய தேவை இல்லாமல் தப்பிய வாகனம். இப்போதைய சந்தையில் பழைய ஆங்கில எழுத்து இலக்கத்துக்கு ஸ்ரீ இலக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடுக்கிறார்கள். அது வயதுக்காக மட்டும். வாங்குகிறவருக்கு மற்றக் கதை தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை, விற்கிறவருக்கும்தான்.

'கார் வாங்கி ஷோரூம் வாசலைத் தாண்டினவுடனேயே விலை விழுந்துவிடும்' என்பது இங்கிலாந்துக் கணக்கு. இலங்கையில் அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வேலை செய்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடை வந்தபோது அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. அதற்குப் பிறகு 1977 வரைக்கும் நாட்டுக்குள் இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறின. புதியது வராத இடத்தில் பழையதுக்கு வயது போகாது. ஒஸ்ரின் ஏ போர்ட்டி, ஏ தேர்ட்டி, மொறிஸ் மைனர், ஹில்மன், பேஜோ என்று யாழ்ப்பாணத் தெருக்களை நிரப்பிய பெயர்கள் எல்லாம் அந்தக் கதவு மூடும்போது உள்ளுக்குள் நின்றவை. யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய கார்மேல் பெரிய பாசம் என்று ஒரு கதை இருக்கிறது. பாசம் பிறகு வந்தது. முதலில் இருந்தது வேறு வழியின்மை.

1977 இல் கதவு திறந்தது, ஜப்பான் கார்கள் வந்தன, பிரித்தானியக் கார்கள் விழுந்தன. பெரியப்பா இந்த ட்ரவலரை வாங்கியது அந்த விழுந்த காலத்தில். புகையிலை ஏற்றவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகவும் என்று பெரியம்மா சொன்னா. பின்சீற்றை மடித்தால் நீளமாக ஒரு தட்டு. அதில் புகையிலைச் சிப்பங்கள், சனிக்கிழமையில் பிள்ளைகள்.

பிறகு 1990.

இரண்டாம் ஈழப்போர் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடை. இதை அனுபவித்தவர்கள் எங்களுக்குச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மின்சாரமும் இல்லை. பற்றறியை யாராவது வைத்திருந்தால் அதைக் குழந்தை மாதிரிப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் அளவாகவும் விலை கூடியும் கிடைத்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலுக்குள் கொஞ்சப் பெற்றோல், அதிலிருந்து ஒரு குழாய் கார்பரேற்றருக்கு. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாகச் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஜப்பான் கார்கள் இதுக்குச் சரிவரவில்லை. மண்ணெண்ணெய் ஒக்டேன் குறைந்த எண்ணெய். கொம்பிரஷன் கூடின எஞ்சினில் அது நேரம் தப்பி வெடித்து, உள்ளுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். 1950களின் பிரித்தானிய எஞ்சின்கள் கொம்பிரஷன் குறைந்தவை, மட்டமான பெற்றோலுக்கு என்றே செய்தவை. அதனால் பத்திக்குள்ளும் கோடிக்குள்ளும் கிடந்த ஏ போர்ட்டிகளும் மொறிஸ்களும் திரும்பத் தெருவுக்கு வந்தன. விலையும் திரும்ப ஏறியது.

இது எங்களுடைய கண்டுபிடிப்பு என்று ஊரில் பெருமையாகச் சொல்லுவோம். முழுக்க அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரத்தில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி ட்ரக்டர் எண்ணெய்க்கு மாற்றுகிற வகை ஒன்றைக் கொம்பனியே செய்து விற்றது. அந்த எண்ணெய் மண்ணெண்ணெய்க்குச் சகோதரம். எங்கட மெக்கானிக்மாருக்கு அந்த உழவு இயந்திரங்கள் தெரியும். தெரிந்ததைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது. வானத்திலிருந்து வந்த மூளை என்று சொல்லி அவர்களுடைய தொழிலறிவை மறைக்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது இந்த வாகனும் வெளிக்கிட்டது. உள்ளுக்குள் பெரியப்பாவின் தாய், இரண்டு மூட்டை அரிசி, தையல் மெசின், அயல்வீட்டுக் கிழவர் ஒருவர். நாவற்குழிப் பக்கம் போகிற தெருவில் சனம் கால்வைக்க இடமில்லாமல் நின்றது. நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் எஞ்சின் கொதிக்கும், நிற்பாட்டினால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை. அதனால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் தள்ளினார்கள். "அந்தக் கார் எங்களைக் கொண்டுபோகேல்லைத் தம்பி, நாங்கள்தான் அதைக் கொண்டுபோனனாங்கள்" எண்டா பெரியம்மா. அடுத்த வருடம் திரும்பி வரும்போது அதைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் முதல்நாள் விலை சொன்னோம். அதுதான் பிழை.

பெயின்ற் பரவாயில்லை, குரோம் மினுங்குது, சீற்றுக்குப் பிறகு தைத்த ரெக்சின் நல்லாயிருக்கு. மரத்துக்குக் கபில நிறப் பெயின்ற் அடித்திருந்தது, கையால் தடவினால் வழுவழுப்பு. அந்த வருடம் ஓடுகிற நிலையில் ஒரு ட்ரவலர் கொழும்புப் பக்கம் பன்னிரண்டு இலட்சத்துக்கு விலைப்பட்டதாக எங்களில் ஒருவருக்கு ஒரு நண்பர் சொல்லியிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து எல்லாத்துக்கும் விலை ஏறிப்போயிருந்ததும் தெரியும். இதெல்லாத்துக்கும் மேல் நாவற்குழிக் கதை. "பன்னிரண்டுக்குக் கீழ குடுக்காதேங்கோ" என்றோம்.

பெரியம்மா தரகருக்குப் பன்னிரண்டு என்று சொல்ல, அவர் அடுத்தநாளே ஒரு மெக்கானிக்கோடு வந்து நின்றார். அந்த ஆள் கீழே படுத்து, பின் வில்லுத்தகடு பொடியில் பூட்டுகிற இடத்தில் ஒரு ஸ்குரூட்ரைவரை வைத்து அமத்தினார். அது கைபிடி மட்டும் உள்ளே போனது. பட்டியும் பெயின்றும் சேர்ந்து உதிர்ந்தது. தரகர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. முதல் சொன்ன நாலையும் வாபஸ் வாங்கி, மூன்றரை என்றார். எங்களுடைய பெரிய கதையால் பெரியம்மாவுக்கு ஐம்பதாயிரம் நட்டம். அவ எங்களைப் பேசவில்லை. தேத்தண்ணி தந்தா. அது இன்னும் வெக்கமாக இருந்தது.

பிறகுதான் சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கிற அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தோம். தடைக்காலத்தில் பொடியனாக வேலை பழகியவர். அவர் குரோமைப் பார்க்கவே இல்லை. கையில் ஒரு காந்தம், ஒரு ரோச், ஒரு சின்னச் சுத்தியல்.

காந்தத்தை முன் மட்காட்டுகளின் கீழ் விளிம்பில் வைத்தார். இரண்டு இடத்தில் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி. "இது பரவாயில்லை. மட்காட் நட்டில நிக்குது, கழட்டிப் பூட்டலாம். கீழ இருக்கிறதுதான் கதை." மைனருக்கு லொறி மாதிரித் தனிச் சட்டம் இல்லை, அடித்தளமும் பொடியும் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. ஆகவே கதவுக்குக் கீழ் ஓடுகிற பெட்டி, நடுவில் குறுக்காகப் போகிற பீமின் இரண்டு முனைகள், பின் வில்லுத்தகடு பூட்டுகிற இடங்கள் இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் விலை சொல்லக்கூடாது. கடற்காத்து பட்ட வாகனத்தில் முதலில் போவது இவைதான். பீம் முனைகள் தப்பியிருந்தன. பெட்டி வலப்பக்கம் பாதி போயிருந்தது. வில்லுத்தகட்டு இடம் ஏற்கெனவே தெரிந்த கதை.

முன்சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். மைனரின் முன்சில்லைத் தாங்குகிற அடிப்பூட்டு ஒரு புரிக்குள் சுழல்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் அந்தப் புரி தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போது சில்லு மடிந்து மட்காட்டுக்குள் போய்விடும். உலகம் முழுக்க மைனர்களுக்குத் தெரிந்த வருத்தம் இது. பெரியப்பா கிறீஸ் அடித்திருந்தார். ஆட்டம் இல்லை. பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, கால்விரிப்பைத் தூக்கினால்தான் மூடி தெரியும். எண்ணெய் வற்றி, துரு. அது மாற்றவேண்டியதுதான்.

மரத்துக்கு வந்தபோதுதான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இங்கிலாந்துப் புத்தகங்களைப் பார்த்தால் ட்ரவலரின் எதிரி தண்ணி. இழுக்கிற கண்ணாடியின் தவாளிப்புக்குள் பாசி பிடிக்கும், கீழ்ச்சட்டத்தின் மூட்டுகளில் கறுப்பு விழும், விரலால் அமத்தினால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். எங்கட வெயிலில் கறுப்பு குறைவு. இங்கே எதிரி கறையான். அண்ணை சுத்தியலின் பின்பக்கத்தால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்கம் முழுக்க 'டக் டக்' என்று கட்டியான சத்தம். வலப்பக்கக் கீழ்ச்சட்டம் வெறும் பெட்டி மாதிரிச் சத்தம் போட்டது. நாங்கள் தடவிப்பார்த்து வழுவழுப்பு என்று சந்தோசப்பட்ட அதே இடம். பெயின்றை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுக்கத் தின்றிருந்தது.

"இடப்பக்கம் எப்பிடித் தப்பினது?" என்று கேட்டோம். பெயின்றைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டினார். அது ஆஷ் இல்லை. வேம்பு. எப்போதோ, அநேகமாக இடம்பெயர்ந்து வந்த பிறகு, ஊர்த் தச்சர் ஒருவர் உடைந்த சட்டத்தை எடுத்துவிட்டு அதே அளவில் வேம்பில் செய்து போட்டிருக்கிறார். மூட்டு ஒவ்வொன்றும் பழையதைப் பார்த்து வெட்டியது. ஒரு ஆணி இல்லை. வேம்பைக் கறையான் தொடவில்லை. 'ஒரிஜினல்' பக்கம் புழுதியாகிவிட்டது, 'டுப்ளிகேட்' பக்கம் வாகனத்தைத் தாங்கி நிற்கிறது.

தரகரின் கணக்கில் இந்த வேப்பஞ்சட்டம் ஒரு குறை. ஒரிஜினல் இல்லை, ஆகவே கழி. எஞ்சினும் அப்படியே. பொனற்றைத் திறந்தால் உள்ளே 803 இல்லை, 948 சிசி. மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல் பிஸ்டன் வளையம் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும். அந்த எண்ணெயில் ஓடினால் பெயரிங் தேயும். 803 க்கு ஏற்கெனவே பிக்-எண்ட் பெயரிங் பலம் குறைவு. ஐந்து வருட மண்ணெண்ணெயும் ஒரு இடப்பெயர்வும் அதை முடித்துவிட்டன. 2002 இல் ஏ9 திறந்த பிறகு பெரியப்பா கொழும்பிலிருந்து ஒரு 948 ஐக் கியர்பெட்டியோடு கொண்டுவந்து பூட்டினார். இரண்டும் ஒரே ஏ-சீரீஸ் குடும்பம், ஒஸ்ரின் ஏ தேர்ட்டிக்கும் மினிக்கும்கூட அதுதான் குடும்பம். அதனால் உதிரிப்பாகம் ஒருநாளும் முழுக்க இல்லாமல் போகவில்லை. டட்சன் எஞ்சின் ஏற்றிய மொறிஸ்களோடு பார்த்தால் இது வீட்டுக்குள்ளேயே செய்த கலியாணம். அண்ணை பற்றறி ஒன்றைக் கொண்டுவந்து, நாலு சிலிண்டருக்கும் கொம்பிரஷன் அளந்தார். நாலும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்ராட் பண்ணி, எண்ணெய் அமுக்கம் பார்த்து, கொஞ்சம் உறுக்கிவிட்டுக் காலை எடுத்தார். நீலப்புகை இல்லை. மூன்று வருடம் நின்ற எஞ்சினுக்கு அது பெரிய விசயம்.

ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருந்தது பழைய 803 இன் எஞ்சின் இலக்கம். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவில்லை. இதிலும் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறோம். எங்கட ஊர்களில் 'ஓபன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் வைத்து வாகனங்கள் நாலு கை மாறியிருக்கும், கடைசியாக வாங்கினவருக்குச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாது. பெரியப்பா தன் பெயருக்கு மாற்றியிருந்தார், அது பெரிய பலம். அவர் இறந்தபிறகு பெரியம்மாவின் பெயருக்கு வரவேண்டும். எஞ்சின் இலக்கமும் திருத்தவேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகிற அலைச்சலும் விலைக்குள் சேரும்.

'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் கதைக்கவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர் 1982 இல் 'டியூரபிள் கார் ஓனர்ஷிப்' என்ற புத்தகத்தை எழுதினார். புதுக் கார் வாங்கி அதன் விலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மைனர் மாதிரிக் கட்டமைப்பு எளிய கார் ஒன்றைக் கட்டங்கட்டமாகத் திருத்தித் தொடர்ந்து ஓடுவது மலிவு, காசும் அயலில் இருக்கிற தொழிலாளிக்குப் போகும் என்பது அவருடைய வாதம். 1990களில் அவருடைய முயற்சியோடு சேர்ந்து எங்கள் நாட்டின் தென்பகுதியில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. அதே வருடங்களில் இதே தீவின் வடமுனையில் மைனர் வைத்திருந்தவருக்கு ஒரு புதுத் தீப்பொறிக் கட்டை கிடைக்கவில்லை. இலங்கைத் தொழிலாளியின் கையால் அடித்த தகடு பாத் நகரத்தில் பூட்டினால் அது மறுசீரமைப்பு, விலை கூடும். இலங்கைத் தச்சரின் கையால் வெட்டிய வேம்பு வலிகாமத்தில் பூட்டினால் அது ஒட்டுவேலை, விலை குறையும். எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை. தச்சரின் பெயர் எந்தப் பதிவுப் புத்தகத்திலும் இல்லை, பெரியம்மாவுக்கும் ஞாபகமில்லை.

அதுக்காக எல்லா ஒட்டுவேலையையும் வரலாறு என்று கொண்டாடவும் முடியாது. பட்டியால் மூடிய வில்லுத்தகட்டு ஓட்டை ஒரு ஏமாற்று. அதைச் செய்தவரும் எங்கட ஊர் மெக்கானிக்தான். ஒரு திருத்தம் பாரம் தாங்குகிறதா, அல்லது பார்வைக்கு மட்டும் நிற்கிறதா என்பதைச் சுத்தியலும் காந்தமும்தான் சொல்லும்.

இப்ப கணக்கு. அண்ணை ஒரு கொப்பித்தாளில் எழுதினார். நல்லாக ஓடுகிற வாகன் பன்னிரண்டு என்று வைத்தால், அந்த நிலைக்கு இதைக் கொண்டுவர என்ன செலவு? வலப்பக்க மரம் கூலியோடு ஒன்றேமுக்கால். கீழ்ப்பெட்டியும் வில்லுத்தகட்டு இடமும் வெட்டி வெல்டிங் ஒன்றரை. பிறேக் எழுபத்தையாயிரம். நாலு ரயர் எண்பதாயிரம். மொத்தம் நாலு இலட்சத்து எண்பதாயிரம். கழித்தால் ஏழு இருபது. "ஆனா திறக்கத் திறக்கப் புதுசு புதுசா வரும். அதுக்கு ஒரு ஐம்பது, பேப்பருக்கு ஒரு இருபது விடுங்கோ. ஆறரைக்கு மேல கேக்கிறது பேராசை, ஆறுக்குக் கீழ குடுக்கிறது விசர்." வேப்பஞ்சட்டத்துக்கு என்ன கழிவு என்று கேட்டோம். "அதுக்கு ஏன் கழிக்கவேணும்? நல்லா நிக்குதெல்லோ." நாவற்குழிக்கு எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களைத்தான் பேசியிருப்பார்.

தரகர் கொப்பித்தாளைப் பார்த்துவிட்டு ஐந்து வரைக்கும் வந்தார். அவருடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கே கூலிக்குத் தச்சர் பிடித்து, பிறகுதான் விற்கவேண்டும். கடைசியில் வாங்கியது மானிப்பாய்ப் பக்கம் தச்சுப்பட்டறை வைத்திருக்கிற ஒருவர். மரத்துக்கென்று எழுதிய ஒன்றேமுக்காலில் பெரும்பங்கு அவருக்குத் தன்னுடைய உழைப்பு, வெளியே போகிற காசில்லை. அதனால் அவருக்கு அந்த வாகன் மற்ற எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடப் பெறுமதி. ஆறு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு முடிந்தது. அண்ணை தன் கூலியாக ஐயாயிரம் எடுத்தார், பெரியம்மா பத்தாக நீட்டியும் வாங்கவில்லை.

உரித்து மாற்றத்துக்கு மாவட்டச் செயலகத்துக்கும் கிராம சேவகரிடமும் ஆறு தரம் போய்வந்தோம். பெரியம்மாவுக்கு நாங்கள் வைத்த ஐம்பதாயிரம் நட்டத்தை அப்படித்தான் கொஞ்சம் கழித்தோம். ஐப்பசி மழைக்கு முதல் கூரைக்கு ஓடு மாறியது. பத்திக்குள் இப்ப விறகு அடுக்கியிருக்கிறா. சேலைன் போத்தலை வாகனோடு குடுக்கவில்லை, அது குசினிக்குள் நல்லெண்ணெயோடு நிற்கிறது.

மானிப்பாய்க்காரர் வலப்பக்கத்தையும் வேம்பிலேயே செய்கிறார். இடப்பக்கச் சட்டத்தைக் கழற்றி மாதிரிக்கு வைத்திருக்கிறார், மூட்டு வெட்டினவர் கைகாரன் என்று இரண்டு தரம் சொன்னார். கழித்த ஆஷ் சட்டத்தில் ஒரு முழம் எங்களுக்குத் தந்தார். அதை அறைக்குள் மேசையில் வைத்திருக்கிறோம். தட்டினால் இன்னும் மண் கொட்டுது.